பேச்சு எது, இசை எது: வெள்ளவத்தைக் கசெற்றுப் பெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டில், அவருடைய தந்தையார் 1970களின் பிற்பகுதியிலிருந்து பதிவுசெய்து வைத்த 43 கசெற்றுகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. வானொலித் தமிழ்ச் சேவையில் போன பாடல்கள், பாடல்களுக்கிடையே அறிவிப்பாளர்கள் பேசியவை, நாடகத் துண்டுகள், கோயில் திருவிழாவில் பிடித்த நாதசுரம், இடையிடையே வீட்டாரின் குரல்கள் என எல்லாம் ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தன. பெட்டியை என்னிடம் தந்தபோது அக்கா சொன்னது இதுதான்: "பாட்டெல்லாம் எங்கயும் எடுக்கலாம் தம்பி. ரேடியோவில அவை கதைச்சதும் அப்பாவின்ர குரலும் தான் எனக்கு வேணும்."

அவர் கேட்டது நியாயமானது. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்று முறையாகத் தொடங்கியது; 1967 ஜனவரி 5 முதல் அது கூட்டுத்தாபனமாக இயங்குகிறது. அதன் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டிலும் வீடு வீடாகக் கேட்டார்கள். அன்று ஒலித்த பாடல்கள் இசைத்தட்டிலும் பின்னர் குறுவட்டிலும் நிலைத்துவிட்டன. ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையில் அறிவிப்பாளர் பேசிய அரை நிமிடமோ காற்றோடு போயிற்று. யாராவது வீட்டில் பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தால் மட்டுமே அது மிஞ்சியிருக்கும். ஆகவே எனக்கு வந்த வேலை, ஏறத்தாழ நாற்பது மணிநேர ஒலியில் பேச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நேரக் குறிப்பு எடுப்பது. ஒலி போன்ற அலைகளைக் கணினியால் ஆராயும் சமிக்ஞை முறைவழியாக்கத்தில் பேச்சையும் இசையையும் பிரித்தறிதல் பழைய கேள்வி. அதற்குப் பழகிய விடைகளும் உண்டு. அந்த விடைகளில் எவை இந்தப் பெட்டியில் நின்றன, எவை சரிந்தன, ஏன் சரிந்தன என்பதையே இங்கு எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். இதற்காக நான் எழுதும் கணினி நிரல் எந்த ஒலியையும் வெட்டாது. குறிப்பு மட்டுமே எழுதும். ஆயினும் குறிப்பில் வராத பகுதியைத் திரும்பத் திறந்து கேட்க ஒருவருக்கும் நேரம் இருக்காது என்பதால், பேச்சை இசை என்று குறித்துவிட்டால் நடைமுறையில் அது தொலைந்ததற்குச் சமம். இசையைப் பேச்சு என்று குறித்தால், அக்கா ஒரு பாட்டைச் சற்று நேரம் கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு பிழைகளின் விலையும் ஒன்றல்ல. ஐயம் வந்தால் பேச்சின் பக்கம் சாய வேண்டும் என்பது அதனால் முதல் நாளே முடிவாயிற்று.

கசெற்றுகளை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் கணினிக்கு மாற்றினேன். பகுப்பாய்வுக்கு 16 கிலோஹேர்ட்ஸில் ஒற்றைத் தடப் (மோனோ) பிரதி போதும். 60 நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் 30 நிமிடம், அதாவது 2 கோடியே 88 இலட்சம் மாதிரிகள். வழக்கப்படி 25 மில்லிவிநாடி நீளமுள்ள சிறு ஒலித் துண்டுகளை, அதாவது சட்டகங்களை, 10 மில்லிவிநாடிக்கு ஒன்றாக எடுத்தால், ஒரு பக்கத்துக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் சட்டகங்கள் வரும். ஒற்றைச் சட்டகத்தைப் பார்த்து அது பேச்சா இசையா என்று சொல்ல முடியாது. 'ஆ' என்று இழுத்துப் பாடுவதும் 'ஆ' என்று வியந்து சொல்வதும் 25 மில்லிவிநாடிக்குள் ஒன்றுபோலவே இருக்கும். சில விநாடிகளில் அது எப்படி மாறுகிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும்.

இத்துறையில் எவரும் முதலில் படிப்பவை இரண்டு ஆய்வுகள். 1996இல் ஜோன் சாண்டர்ஸ், அலை பூச்சியக் கோட்டைக் கடக்கும் வீதத்தையும் ஒலியின் சக்தியையும் மட்டும் வைத்து, வானொலி ஒலிபரப்பில் பேச்சையும் இசையையும் உடனுக்குடன் பிரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு எரிக் ஷேரரும் மால்கம் ஸ்லேனியும் 13 அளவைகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்டு, 2.4 விநாடித் துண்டுகளில் 1.4 சதவீதப் பிழை வரை இறக்கினார்கள். இரண்டுமே அமெரிக்கப் பண்பலை வானொலியைக் கொண்டு செய்யப்பட்டவை. இந்தப் பின்னணியை நான் முதலில் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பூச்சியம் கடக்கும் வீதம் எளிமையானது. உயிரெழுத்தை ஒலிக்கும்போது அலை மெதுவாக ஆடும்; 'ஸ்', 'ஷ்' போன்ற உரசொலிகளில் அது விநாடிக்குப் பல ஆயிரம் முறை கோட்டைக் கடக்கும். பேச்சில் இவை மாறி மாறி வருவதால் அந்த வீதம் தாழ்வதும் திடீரென எகிறுவதுமாக இருக்கும்; இசையில் அப்படி எகிறுவது குறைவு. ஆங்கிலத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். தமிழில் உரசொலி குறைவு. வல்லினம் சொல்லின் நடுவில் தனித்து வந்தால் குரலோடு மெலிந்துவிடும். 'அகம்', 'இடம்', 'பதம்' ஆகியவற்றைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். 'அண்ணன் மாலையில் வருவான்' என்ற வாக்கியத்தில் தொண்டை அதிராத எழுத்து ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல், பெட்டியிலிருந்த வானொலிப் பதிவுகள் மத்திய அலையிலும் சிற்றலையிலும் வந்தவை. அவற்றில் ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வருவதே இல்லை; 'ஸ்' ஒலியின் வலுவெல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. மொழி ஒரு பக்கம், அலைவரிசை மறுபக்கம் எனச் சாண்டர்ஸின் அளவை இரண்டு கால்களையும் இழந்துவிட்டது. அதைக் கைவிட்டேன்.

இரண்டாவதாக முயன்றது, சக்தி குறைந்த சட்டகங்களின் பங்கு. பேசுகிறவர் மூச்செடுப்பார், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துவார்; பாட்டில் பின்னணி வாத்தியங்கள் இடைவெளியை நிரப்பிவிடும். ஆகவே ஒரு விநாடியின் சராசரியில் பாதிக்கும் குறைவான சக்தியுள்ள சட்டகங்கள் பேச்சில் அதிகமாக வர வேண்டும். இந்தக் கசெற்றுகளில் அவை வரவில்லை. காரணம், வீட்டுப் பதிவுக் கருவியின் தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாடு. ஒலி பெரிதானால் அது உடனே அடக்கும்; ஒலி நின்றால் மெல்ல மெல்லப் பெருக்கத்தைக் கூட்டும். அறிவிப்பாளர் வாக்கியத்தை முடித்துச் சற்று நிறுத்தினால், சிற்றலையின் இரைச்சல் அந்த இடைவெளிக்குள் ஊதிப் பெருகி நிரம்பிவிடுகிறது. ஒலியைத் திரையில் பார்த்தால் பள்ளமே இல்லாத மேடு. காதுக்கு மட்டும் அது இடைநிறுத்தம் என்று தெரியும், ஏனென்றால் நாம் இரைச்சலைப் பொருட்படுத்துவதில்லை.

நின்றது மூன்றாவது அளவை. பேச்சின் சக்தி விநாடிக்கு ஏறத்தாழ 4 முறை ஏறி இறங்குகிறது, ஏனென்றால் அசைகள் அந்த வேகத்தில் வாயைத் திறந்து மூடுகின்றன. இதை நெதர்லாந்தின் ஹௌட்காஸ்ட்டும் ஸ்டீனெக்கனும் அரங்குகளில் பேச்சுத் தெளிவை அளக்கும்போது விரிவாக எடுத்துக்காட்டினார்கள். ஷேரர், ஸ்லேனி பட்டியலிலும் இது உண்டு. சட்டகச் சக்தியின் வரிசையை ஓர் அலையாகவே எண்ணி, அதன் மீடிறனை (தமிழ்நாட்டு வழக்கில் அதிர்வெண்) பார்க்க வேண்டும். 256 சட்டகங்கள், அதாவது 2.56 விநாடி எடுத்தால் 0.4 ஹேர்ட்ஸ் நுணுக்கத்தில் தெரியும். சிற்றலை மங்கித் தெளிவது பல விநாடிகளுக்கு ஒருமுறை. ஒலிமட்டக் கட்டுப்பாடு மீளுவதும் அப்படியே மெதுவானது. இரண்டும் 1 ஹேர்ட்ஸுக்குக் கீழே தங்கிவிட, 4 ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதி கெடாமல் இருந்தது. மற்ற அளவைகளைக் கெடுத்த கருவியும் அலைவரிசையும் இதைத் தொடவில்லை என்று கண்டபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் தாளம் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி செல்லும் ஒரு பாட்டில் விநாடிக்கு 2 அடி. அரையடிக்கும் மிருதங்கமோ தபேலாவோ தட்டினால் சரியாக 4. என் நிரல் துள்ளலான பாட்டுகளையெல்லாம் பேச்சு என்றது. இரண்டின் வரைபையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு விளங்கிற்று. பாட்டில் 4 ஹேர்ட்ஸில் ஊசிபோல் ஒரு முனை நிற்கும். பேச்சில் 3 முதல் 8 வரை பரந்த ஒரு மேடு இருக்கும். பேசுகிறவர் எவரும் தாளத்துக்குப் பேசுவதில்லை. ஒவ்வோர் அசையும் தன் நீளத்துக்கு நிற்கிறது. ஆகவே உயரத்தோடு அகலத்தையும் அளந்தேன். 5 விநாடிச் சாளரத்தில் (ஒரே தடவையில் எடுத்துப் பார்க்கும் நீளத்தில்) சக்தி வரிசையை அதன்மீதே நகர்த்தி ஒப்பிட்டால், பாட்டு ஒவ்வோர் அடியிலும் மறுபடி மறுபடி பொருந்தும். பேச்சு ஓரிரு அசைக்குள்ளேயே பொருத்தம் இழந்துவிடும். இதன்படி கொன்னக்கோல் இசையாகக் குறிக்கப்படும். வாயால் சொல்வதாயினும் அது தாளத்தைச் சொல்வதாகையால் அதை நான் திருத்தவில்லை.

தாளமில்லாத இசை அடுத்த சிக்கல். ஆலாபனையில் அடியே கிடையாது. விருத்தத்திலோ சொற்கள் உண்டு, தாளம் இல்லை. அசைகளின் ஏற்ற இறக்கம் பேச்சை ஒத்தது. இங்கே உதவுவது சுரம் நிற்பது. நேரத்தைக் கிடையாகவும் மீடிறனை நெடுக்காகவும் வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் பாடுகிறவர் ஒரு சுரத்தில் நிற்கும்போது கிடைக்கோடுகள் தெரியும். தம்புராவோ சுருதிப்பெட்டியோ இருந்தால் சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் கோடுகள் அறுபடாமல் ஓடும். பேச்சில் ஓர் உயிரெழுத்து அரை விநாடி நீடிப்பதே அரிது. நீடிக்கும்போதும் குரல் ஏறியோ இறங்கியோ சரியும். கிடைக்கோடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அளக்க, டெரி ஃபிட்ஸ்ஜெரல்ட் 2010இல் சுரத்தையும் தட்டொலியையும் பிரிக்கக் காட்டிய இடைநிலை வடிகட்டி முறையை எடுத்துக்கொண்டேன். காலத்தின் திசையில் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) எடுத்தால் கிடைக்கோடுகள் மிஞ்சும், திடீர் ஒலிகள் உதிரும்.

இதைச் சேர்த்த மறுநாள் ஒரு கசெற்றின் முழுப் பக்கமும், 30 நிமிடமும், இசை என்று வந்தது. முதல் நான்கு நிமிடத்தில் அக்காவின் தந்தையார் யாரோ உறவினருக்கு ஊர்ப் புதினம் சொல்லி அனுப்பும் பேச்சு என்று எனக்கு முன்பே தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 100, 150, 200, 300 ஹேர்ட்ஸ் என்ற இடங்களில் அச்சுப் பிடித்தாற்போல் கோடுகள் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடின. அது மின்சாரத்தின் 'ம்ம்'. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் மடங்குகள் பதிவுக்குள் இறங்கியிருந்தன. 100க்கும் 150க்கும் உள்ள விகிதம் 2:3. சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதமும் அதுவே. 200க்கும் 300க்கும் அப்படியே. 200 ஹேர்ட்ஸ் என்பது பெண்கள் பாடும் ஐந்து கட்டைச் சுருதியான 196 ஹேர்ட்ஸுக்கு அரைச் சுரம்கூடத் தள்ளியில்லை. நிரல் அந்த மின்னிரைச்சலைத் தம்புரா என்று எடுத்துக்கொண்டது. அளவையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது.

50இன் மடங்குகளை மட்டும் வடிகட்டினால் போதும் என்று முதலில் எண்ணினேன். 4 விநாடிச் சாளரத்தில் நுணுக்கமாகப் பார்த்தபோது 100இல் ஒரு கோடும் 101.5இல் இன்னொன்றும் இருந்தன. 100இல் இருந்தது நான் இப்போது கசெற்றை ஓட்டிய கருவியின் இரைச்சல். 101.5இல் இருந்தது அன்று அந்த வீட்டின் மின்சாரம் நாடாவில் எழுதியது: பதிவின்போது கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் இன்று எல்லாமே ஒன்றரைச் சதவீதம் வேகமாகக் கேட்கிறது. அந்தக் கோட்டைக் கொண்டே வேகத்தையும் திருத்தினேன். தந்தையாரின் குரல் அதன் பிறகே தன் இயல்பான கனத்துக்கு வந்தது என்று அக்கா சொன்னார். நிரலுக்கோ பொதுவான ஒரு விதியை வைத்தேன். ஒவ்வொரு மீடிறனிலும் பக்கம் முழுவதற்குமான ஒலிமட்டங்களை வரிசைப்படுத்தி, கீழிருந்து பத்தில் ஒரு பங்கில் நிற்கும் மதிப்பை நிரந்தர இரைச்சல் என்று கொண்டு கழிப்பது. சுருதி பாட்டோடு வந்து பாட்டோடு போகும். மின்னிரைச்சல் பக்கம் முழுக்கக் குடியிருக்கும். திருவிழா நாதசுரத்தில் சுருதிக் குழலான 'ஒத்து' முழு நேரமும் ஒலிப்பதால் அதையும் இந்த விதி கழித்துவிடும். நாதசுரத்தின் சுரங்களே நீண்டு நிற்பதால் முடிவு மாறவில்லை.

இசைக்கு மேல் பேசுவதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சியின் முகப்பிசையைத் தாழ்த்திவிட்டு அறிவிப்பாளர் பேசுவார். மொத்தச் சக்தியைப் பார்த்தால் இரண்டும் குழம்பும். சக்தியை நான்கு மீடிறன் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தபோது, 1 முதல் 3 கிலோஹேர்ட்ஸ் வரையான பட்டையில் பேச்சு தெளிவாக மேலெழுந்தது. 'பேச்சு', 'இசை' என்ற இரண்டு குறிகளோடு 'கலப்பு' என்று மூன்றாவது ஒன்றையும் வைத்தேன். வில்லுப்பாட்டும் பின்னணி இசையுள்ள நாடகமும் அதில் அடங்கின. பயன்பாட்டில் கலப்பும் பேச்சும் ஒரே கணக்கு.

முடிவு அரை விநாடிக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. பேச்சு என்று நுழைய எளிய எல்லை, வெளியேறக் கடினமான எல்லை, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு விநாடி மிகை. அந்த மிகை இல்லாவிட்டால் "வணக்கம்" என்பது "ணக்கம்" என்று தொடங்கும்; ஒருவரின் குரலைத் தேடி வந்தவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரிபார்க்க ஆறு பக்கங்களை நானே கேட்டுக் கையால் குறித்தேன். மொத்தச் சரிச் சதவீதத்தை நான் கணக்கிடவில்லை. 30 நிமிடப் பக்கத்தில் பேச்சு 3 நிமிடம்தான் என்றால், எல்லாமே இசை என்று கண்ணை மூடிச் சொல்லும் நிரலும் 90 சதவீதம் சரியாகிவிடும். பதிலாக, கையால் குறித்த ஒவ்வொரு பேச்சுத் துண்டையும் எடுத்து, அது நிரலின் குறிப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். தவறியவை பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைந்தவை: ஒரு பாடகரின் பெயர், ஒரு நேர அறிவிப்பு. சாளரத்தின் நீளத்தைவிடப் பேச்சு குறுகியிருந்தால் இந்த முறை தடுமாறும். பாடல்கள் முடியும் இடங்களை மட்டும் தனியே காதால் கேட்டு அவற்றைச் சேர்த்தேன். இன்று யூடியூப் துண்டுகளில் பயிற்றப்பட்டு, 521 வகை ஒலிகளை அடையாளம் காணும் யாம்நெட் போன்ற நரம்பு வலைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் முழுவதும் தவறாகும்போது ஏன் என்று படத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய முறைதான் இந்தப் பெட்டிக்கு வேண்டியிருந்தது.

குறிப்புகளை அக்காவிடம் கொடுத்து இரண்டு கிழமை கழிந்தது. "அம்மா என்னைத் தாலாட்டினது ஒண்டில இருந்தது. அதைக் காணேல்லை தம்பி" என்றார். தேடிப் பார்த்தேன். இருந்தது, இசை என்று குறிக்கப்பட்டிருந்தது. அசைகள் சீராக வந்தன, சுரங்கள் நீண்டன, தொட்டில் ஆடும் அளவுக்கு அடி விழுந்தது. நான் வகுத்த ஒவ்வோர் அளவையின்படியும் நிரல் சொன்னது சரி. பேச்சையும் இசையையும் பிரி என்று கேள்வியை நான் அமைத்ததுதான் தவறு. அவருக்கு வேண்டியிருந்தது, வேறெங்கும் இல்லாத ஒலி.

வானொலிப் பாட்டையும் வீட்டுப் பாட்டையும் எப்படிப் பிரிப்பது என்று யோசித்தபோது, முன்பு என்னைத் தடுத்த 5 கிலோஹேர்ட்ஸ் எல்லையே வழி காட்டிற்று. வானொலி அந்தக் கருவிக்குள்ளேயே நேராகப் பதிவாகியிருந்ததால் அந்த எல்லைக்கு மேல் நாடாவின் சீரான இரைச்சல் மட்டுமே இருக்கும். ஒலிவாங்கியால் பிடித்த எதிலும், கதவு சாத்துவது, பாத்திரம் தட்டுப்படுவது, மூச்சு என அந்த எல்லைக்கு மேலும் அசைவு இருக்கும். 48 கிலோஹேர்ட்ஸ் அசலில் 5க்கும் 8க்கும் இடைப்பட்ட பட்டையில் சக்தி அசைகிறதா என்று பார்க்கும் ஒரு விதியைச் சேர்த்து, அசைந்தால் பேச்சானாலும் பாட்டானாலும் 'வீடு' என்ற நான்காவது குறியை இடச் சொன்னேன்.

43 கசெற்றுகளையும் மறுபடி ஓட்டியதில் அந்தக் குறி ஏழு கசெற்றுகளில் விழுந்தது. தாலாட்டு இருக்கும் பக்கத்தில், வானொலிப் பாட்டு ஒன்று நடுவில் சட்டென்று நிற்கிறது, பொத்தான் அமுங்கும் ஒலி கேட்கிறது, குழந்தை சிணுங்குகிறது. குறிப்பு அங்கே தொடங்கி 1 நிமிடம் 40 விநாடி நீள்கிறது.